சிறிய விடுதிக்கும் ஓர் இடம்

கேள்வி: நானும் என் தங்கையும் 12 கட்டில்கள் மட்டுமே உள்ள பயணியர் விடுதி ஒன்றை நடத்துகிறோம். தங்க வருபவர்களுக்காக நாங்கள் எழுதி வைத்த பயணக் குறிப்புகளைப் பாராட்டி, ஒரு தரவரிசைப் பட்டியலில் எங்கள் விடுதிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய விடுதிகளுக்கு நடுவே இந்த இடம் நிலைக்குமா? இதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

பதில்: முதலில் இருவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். பாராட்டு கிடைத்திருப்பது கட்டடத்துக்கோ கட்டிலுக்கோ அல்ல, வருகிறவருக்கு வழி சொல்ல நீங்கள் எடுத்துக்கொண்ட அக்கறைக்கு என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இவ்வகை விடுதிகள் பிறந்ததே அத்தகைய அக்கறையில்தான். 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மாணவர்களுடன் நடைப்பயணம் சென்ற ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர், இடி மழையில் சிக்கி ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தபோதுதான், நடந்து செல்லும் இளைஞர்களுக்கு ஊர்தோறும் எளிய தங்குமிடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அல்டேனா கோட்டையில் அவர் தொடங்கிய விடுதியைப் பின்பற்றிப் பல நாடுகளிலும் விடுதிகள் தோன்ற, 1932இல் ஆம்ஸ்டர்டாமில் அவற்றுக்கான சர்வதேசக் கூட்டமைப்பும் உருவானது.

தரவரிசை நிலைக்குமா என்பது வேறு கணக்கு. விருந்தினர் தரும் மதிப்பெண்களின் சராசரியை வைத்து வரிசைப்படுத்தும் இடங்களில், சிறிய விடுதி எளிதில் ஏறும், எளிதில் இறங்கும். பத்துப் பேர் பத்துக்குப் பத்து கொடுத்த விடுதிக்குப் பதினோராவது ஆள் நான்கு கொடுத்தால், சராசரி 9.45 ஆகிவிடும், அதே நான்கை, 400 பேர் முழு மதிப்பெண் கொடுத்த விடுதிக்குக் கொடுத்தால் 9.98க்குக் கீழே போகாது. டிரிப்அட்வைசர் போன்ற தளங்கள் கருத்துகளின் தரத்தோடு அவற்றின் எண்ணிக்கையையும், அவை எவ்வளவு அண்மையில் எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்ப்பதால், கூட்டம் குறைந்த மாதங்களில் உங்கள் பெயர் சற்றுக் கீழே போனாலும், கவனிப்பில் ஏதோ குறை வந்துவிட்டதாக நினைத்து மனம் தளர வேண்டாம். தள்ளுபடி கொடுத்து நல்ல கருத்து எழுத வைக்கும் வழியை யாராவது காட்டினால், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் சம்பாதித்திருக்கும் நம்பிக்கை அதோடு போய்விடும். பட்டியலில் இடம் தந்தவர்கள், அந்த இடத்தைக் காட்டி வாசலில் ஒட்டும் முத்திரைக்கென்று பணம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது அந்தக் குறிப்புகள். பல ஆண்டுகளுக்கு முன் நான் தங்கிய ஒரு சிறிய விடுதியில், அடுக்குக் கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. “இரவு 11 மணிக்கு மேல் வந்தால் கதவைச் சற்றுத் தூக்கித் திறக்கவும், இல்லாவிட்டால் கிறீச்சிடும்” என்பது அதன் முதல் வரி. கீழே எழுதியிருந்த பேருந்து நேரங்களில் இரண்டை அடித்துத் திருத்தி, திருத்திய தேதியையும் பக்கத்திலேயே குறித்திருந்தார்கள். அந்தத் தேதியைப் பார்த்ததும், அட்டையில் இருந்த மற்ற வரிகளையும் யோசிக்காமல் நம்பினேன். பழைய தகவல் உள்ள குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம். கடைசிப் பேருந்து போய்விட்ட நிறுத்தத்தில் மூட்டையோடு ஒருவரை அது நிற்க வைத்துவிடும்.

ஆகவே பட்டியலில் எத்தனையாவது இடம் என்று தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறிப்புகளுக்குக் கொடுங்கள். அடுத்து முதன்முறையாக வரும் ஒருவரிடம், உங்கள் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிலையத்திலிருந்து உங்கள் வாசல் வரை வரச் சொல்லுங்கள். வழியில் எந்த இடத்தில் நின்று யோசித்தார் என்று கேட்டு, அந்த வரியைத் திருத்தி எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள்.