பன்றிகளுக்குக் குடற்புழு உண்டா? மலத்தில் பார்க்கும் முறை

நுவரெலியாப் பக்கத்துப் பட்டி ஒன்றில் மலத்தை வைத்துக் குடற்புழுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

காலையில் கூட்டைக் கழுவுமுன், அப்போதுதான் விழுந்த மலத்தின் மேற்பகுதியை மட்டும் எடுங்கள். தரையில் ஒட்டியதை எடுத்தால் மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுக்களும் சேர்ந்து குழப்பும். குட்டி, வளரும் பன்றி, தாய்ப்பன்றி என்று தனித்தனிப் பைகள். ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். உறைந்தால், நாம் தேடும் புழு முட்டை சிதைந்துவிடும்.

3 கிராம் மலத்தை 42 மி.லீ. நிறைவுற்ற உப்புக் கரைசலில் (லீற்றருக்கு ஏறத்தாழ 400 கிராம் உப்பு) கரைத்து, தேத்தண்ணி வடியால் வடித்து, மக்மாஸ்டர் தட்டின் (முட்டை எண்ணுவதற்கான, கோடிட்ட இரு அறைத் தட்டு) இரு அறைகளிலும் மிதக்கும் முட்டைகளை நுணுக்குக்காட்டியில் எண்ணி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமிலுள்ள முட்டைத் தொகை. உப்பு குறைந்தால் முட்டை மிதக்காது, இருந்தும் 'இல்லை' என்று வரும்.

உருளைப்புழு முட்டைக்குத் தடித்த, சொரசொரப்பான ஓடு. சாட்டைப்புழு முட்டை எலுமிச்சை வடிவில் இரு முனையிலும் மூடியோடு இருக்கும். உருளைப்புழு தொற்றி முட்டையிட 6 முதல் 8 வாரம் செல்லும். ஆகவே ஒரு மாதக் குட்டியின் மலத்தில் அது தெரிந்தால், தாயின் மலத்தைத் தின்றதால் வந்த முட்டையாகவே பெரும்பாலும் இருக்கும்.