எது மூலம், எது நகல்? கணினியில் சேரும் குப்பை குறித்த வாசகர் கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘எதை அழிக்கலாம்?’ என்றே கேட்கின்றன. பலருடைய கணினிகளைத் திறந்து ஒழுங்குபடுத்திக் கொடுத்த பழக்கத்தில் எனக்குப் பட்டது என்னவென்றால், அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: ஒரே பொருள் நான்கு இடங்களில் கிடக்கும்போது அவற்றில் எது மூலம், எது நகல்? அது தெரியாதவரை அழிக்கவும் கை வராது, வைத்திருப்பதிலும் நிம்மதி இருக்காது.

கேள்வி: என் கணினியின் டெஸ்க்டாப்பில் சுவர்ப்படமே தெரியாத அளவுக்குக் கோப்புகள் நிறைந்திருக்கின்றன. ‘புதியது’, ‘புதியது 2’, ‘எல்லாம்’ என்று மூன்று கோப்புறைகள் வேறு. இதனால் கணினி மெதுவாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இன்றைய கணினிகள் இதனால் பெரிதாக மெதுவாவதில்லை; மெதுவாவது நீங்கள்தான். 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, திரையை ஓர் அலுவலக மேசையாகவும் கோப்புகளை அதன்மேல் கிடக்கும் தாள்களாகவும் காட்டியது. மேசை என்பது இன்றைய வேலைக்கான இடம். அதையே பத்திர அலமாரியாகவும் பயன்படுத்தத் தொடங்கியதில்தான் சிக்கல் வந்தது.

எல்லாவற்றையும் உட்கார்ந்து வகைபிரிக்க முயலாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் அலுத்துப்போய், பாதியில் விட்டு, முன்பைவிட மோசமான நிலையில் எழுந்திருப்பீர்கள். இன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு கோப்புறையை உருவாக்கி, டெஸ்க்டாப்பில் இருக்கும் அனைத்தையும் அதற்குள் போட்டுவிடுங்கள். இனி எந்தக் கோப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறதோ, அதை அன்று வெளியே எடுத்து அதற்குரிய இடத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் உள்ளேயே கிடப்பவை பழைய ஆவணங்கள். அவற்றை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம்.

இதற்கிடையில் ஒரு சிறிய அடையாளத்தைக் கவனியுங்கள். விண்டோஸில் சில படக்குறிகளின் இடது கீழ்மூலையில் வளைந்த அம்புக்குறி இருக்கும். அது ஷார்ட்கட், அதை அழித்தால் வேறெங்கோ இருக்கும் மூலத்துக்கு எதுவும் ஆகாது. அம்புக்குறி இல்லாதது மூலக் கோப்பு. அம்புக்குறி உள்ளவற்றை முதலில் களைந்தாலே மேசையில் கணிசமான இடம் பிறந்துவிடும்.

கேள்வி: ‘அறிக்கை இறுதி’, ‘அறிக்கை இறுதி திருத்தியது’, ‘அறிக்கை உண்மையான இறுதி’ என்று ஒரே ஆவணம் பல பெயர்களில் இருக்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை.

பதில்: ‘இறுதி’ என்ற சொல்லைக் கோப்புப் பெயரிலிருந்து அடியோடு விலக்கிவிடுங்கள், எழுதுகிறவருக்கு எந்த வரைவும் அந்த நேரத்தில் இறுதியாகத்தான் தோன்றும். அதற்குப் பதிலாக ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் பெயரின் தொடக்கத்தில் எழுதுங்கள்: ‘2024-03-05 வாடகை ஒப்பந்தம்’. 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் தேதியை இப்படித்தான் எழுதச் சொல்கிறது. இதில் ஒரு வசதி உண்டு. பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசை தானாக அமைந்துவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் ஐந்தாம் தேதியும் ஒன்றாகக் கூடிக்கொள்ளும். மாதத்தை வெறும் 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுவதும் இதனால்தான். தேதியின் நடுவே சாய்கோடு போட முடியாது. கோப்புப் பெயரில் விண்டோஸ் அதை ஏற்காது.

‘கோப்பு மாற்றப்பட்ட தேதி கணினியிலேயே தெரிகிறதே, அது போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. கடந்த ஆண்டு எழுதிய ஆவணத்தை மின்னஞ்சலிலிருந்து இன்று தரவிறக்கினால், அதன்மேல் இன்றைய தேதி ஏறிவிடுவது வழக்கம். நாமே பெயரில் எழுதிய தேதி அப்படி மாறாது. பழைய வரைவுகளை அழிக்கத் தயக்கமாக இருந்தால், அதே கோப்புறைக்குள் ‘பழையவை’ என்று ஒன்றை உருவாக்கி அங்கே அனுப்புங்கள். வெளியே எப்போதும் ஒரே ஒரு பிரதி மட்டும் கண்ணில் படவேண்டும், அதுவே மூலம்.

கேள்வி: ஜிமெயிலில் இடம் நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. படிக்காத மின்னஞ்சல்கள் மட்டும் பதினெட்டாயிரம் இருக்கின்றன. தலைப்புவாரியாகக் கோப்புறைகளில் பிரிக்கத் தொடங்கினேன், முடியவில்லை.

பதில்: நல்லவேளையாக முடியவில்லை. ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 345 பேர் தங்கள் பழைய மின்னஞ்சல்களை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கோப்புறைகளில் பிரித்துவைத்தவர்கள் அவற்றை அதனால் விரைவாகக் கண்டெடுக்கவில்லை. தேடுபெட்டியில் ஓரிரு சொற்களைத் தட்டித் தேடுவதே வேகமாக இருந்தது. மின்னஞ்சலில் அனுப்பியவர் பெயரும் தேதியும் உள்ளடக்கமும் தாமாகவே பதிவாகியிருப்பதால் தேடல் எடுபடுகிறது. ‘ஸ்கேன் 0047’ என்று பெயர் பெற்ற படக்கோப்புக்கு இந்த வசதி இல்லை. ஆகவே கணினியில் கோப்புறை வேண்டும், அஞ்சல்பெட்டியில் அவ்வளவாக வேண்டாம் என்பது என் கட்சி.

இனி இடப் பிரச்சினைக்கு வருவோம். பதினெட்டாயிரம் என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை, ஏனென்றால் எழுத்து மட்டுமே உள்ள மின்னஞ்சல் மிகச் சொற்ப இடத்தையே பிடிக்கும். இடத்தை விழுங்குபவை இணைப்புகள். மின்னஞ்சலில் செல்வதற்காக இணைப்புக் கோப்பு எழுத்துவடிவக் குறியீடாக மாற்றப்படும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பருத்தும் விடுகிறது. ஜிமெயிலின் தேடுபெட்டி ஓரத்தில் உள்ள வடிகட்டிக் குறியை அழுத்தினால் ‘அளவு’ என்ற கட்டம் இருக்கும். அதில் 10 எம்.பி.க்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். வருகிற பட்டியலில் தேவையானவற்றைக் கணினியில் சேமித்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாம். அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் உடனே விடுபடும்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. ஜிமெயிலுக்கு மட்டுமானதன்று, டிரைவும் போட்டோஸும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. அஞ்சல்பெட்டி நிறைந்ததற்குக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்த காணொளிகளாகவும் இருக்கலாம்.

விளம்பர அஞ்சல்களைப் பற்றியும் ஒரு சொல். ஏராளமாக விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் சந்தாவிலிருந்து விலகும் வசதியைத் தரவேண்டும் என்று 2024-இல் ஜிமெயிலும் யாஹூவும் விதித்துவிட்டன. அனுப்புநர் பெயருக்கு அருகில் ஜிமெயிலே காட்டும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். முன்பின் அறியாதவர் அனுப்பிய அஞ்சலுக்குள் இருக்கும் ‘விலக’ என்ற இணைப்பை மட்டும் அழுத்த வேண்டாம்; அதை ஸ்பேம் என்று குறித்துவிடுவதே பாதுகாப்பு.

கேள்வி: ஒரே புகைப்படம் கேலரியில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, கணினியில் இரண்டு என்று இருக்கிறது. நகல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருளை நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். இத்தகைய மென்பொருள்கள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. முதல் விதம், கோப்பின் உள்ளடக்கத்தை முழுமையாக ஒப்பிட்டு, ஒரு பிட் கூட மாறாத நகல்களை மட்டும் காட்டும். இதை நம்பி அழிக்கலாம். இரண்டாவது விதம், பார்வைக்கு ஒத்திருக்கும் படங்களைக் கூட்டாகக் காட்டும். இதில் நம் கண்ணும் கூடவே இருந்தாக வேண்டும்.

காரணம் வாட்ஸ்அப். வழக்கமான முறையில் படம் அனுப்பும்போது அது படத்தைச் சுருக்குவதோடு, படம் எடுத்த நாள், இடம் முதலிய விவரங்களையும் உதிர்த்துவிடுகிறது. மூலப் படத்தையும் வாட்ஸ்அப்பில் வந்த நகலையும் கைபேசித் திரையில் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. கணினியில் திறந்து, கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவரின் முகத்தை உருப்பெருக்கிப் பாருங்கள்: ஒன்றில் கண்ணிமை தெரியும், மற்றதில் கட்டங்கட்டமாக ஒரு மங்கல் தெரியும். கோப்பின் அளவைப் பார்த்தாலும் பிடிபடும். ஒன்று நான்கு எம்.பி. இருந்தால் மற்றது சில நூறு கே.பி. இருக்கும். பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை விடுங்கள். மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்து ‘டிக்’ செய்திருப்பது சில நேரம் நேர்மாறாக இருப்பதுண்டு.

வரவைக் குறைக்காமல் செலவை மட்டும் செய்துகொண்டிருந்தால் இந்த வேலை முடியவே முடியாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதிக்குப் போய், படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அங்கேயே சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கத்தில் பலமுறை பகிரப்பட்டவையும் 5 எம்.பி.க்கு மேற்பட்டவையும் தனித்தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கும். காலை வணக்கப் படங்களை ஒரே மூச்சில் அகற்ற அதைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: எல்லாமே கிளவுடில் இருக்கிறது. தனியாக பேக்கப் தேவையா?

பதில்: தேவை. கிளவுடுடன், அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துடன், ஒத்திசைவது என்பது கண்ணாடி போன்றது. இங்கே கையை எடுத்தால் அங்கேயும் கை போய்விடும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். கைபேசியில் இடம் போதாமல் ஒரு கோப்புறையை அழித்தேன். மடிக்கணினியில் ‘மூலம்’ பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒத்திசைவில் இருந்ததால் இரண்டு இடத்திலும் மறைந்தது. மூன்று வாரம் கழித்து ஏதோ ஒரு கணக்குத் தாளைத் தேடும்போதுதான் விஷயமே தெரிந்தது. அந்தச் சேவையின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அதனால் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கிய 3-2-1 விதியையே சொல்வேன்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். கணினி, வெளி ஹார்ட் டிஸ்க், கிளவுட் என்று இருந்தால் கணக்கு சரியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கை நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் இணைத்து, பிறகு கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் சேர்த்தே தாக்கும். எப்போதாவது அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள், ஏனெனில் திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

கேள்வி: 500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்க் 465 ஜி.பி. என்று காட்டுகிறது. மீதி இடத்தில் குப்பை இருக்கிறதா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் அதை 1,07,37,41,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. அளவுகோல் வேறு, இடம் ஒன்றே.

கேள்வி: சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. ‘கணினியைச் சுத்தப்படுத்தும்’ மென்பொருள் ஒன்றை நிறுவலாமா?

பதில்: வேண்டாம். குறிப்பாக, விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் எதையும் அண்டவிடாதீர்கள். அத்தகைய மென்பொருள்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் தற்காலிகக் கோப்புகளின் பட்டியல் இருக்கிறது. வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைக்கும். அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள். ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் தற்காலிகக் கோப்புகளின் வரிசையில் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு, தரவிறக்கிய சான்றிதழ்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தால் பழைய பதிப்பின் கோப்புகள் பல ஜி.பி. இடத்தைப் பிடித்திருக்கும், பொதுவாக அவை 10 நாளில் தாமாகவே நீங்கிவிடும்.

கேள்வி: எனக்கு எழுபது வயது. முப்பது ஆண்டுப் படங்களும் கடிதங்களும் கணினியிலும் கூகுள் கணக்கிலும் இருக்கின்றன. எனக்குப் பிறகு பிள்ளைகள் இவற்றை எப்படி எடுப்பார்கள்?

பதில்: இதை இப்போதே கேட்டது நல்லது, ஐயா. ஈராண்டு பயன்பாடின்றிக் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. கணக்கு அமைப்புகளில், செயலற்ற கணக்குகளை நிர்வகிப்பதற்கென்றே 2013 முதல் ஒரு வசதி இருக்கிறது. எத்தனை மாதம் உங்கள் நடமாட்டம் இல்லாவிட்டால் தகவல் அனுப்பவேண்டும் என்பதை 3 முதல் 18 மாதம் வரை நீங்களே குறிக்கலாம். பத்துப் பேர் வரை பெயர் கொடுத்து, யாருக்கு எந்தப் பகுதி போகவேண்டும் என்றும் சொல்லலாம். ஆப்பிள் கணக்குக்கும் இதுபோல வாரிசுத் தொடர்பு என்ற ஏற்பாடு 2021 முதல் உண்டு.

ஆனால் முப்பது ஆண்டுச் சேமிப்பை அப்படியே ஒப்படைத்தால், அவர்களும் மூலம் எது, நகல் எது என்று தெரியாமல்தான் திணறுவார்கள். அனைத்தையும் வகைபிரிக்க வேண்டியதில்லை. ‘முக்கியமானவை’ என்று ஒரே ஒரு கோப்புறை போதும். நீங்கள் மட்டுமே அடையாளம் சொல்லக்கூடிய படங்களை முதலில் அதில் சேருங்கள், யார் யார் நிற்கிறார்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அந்தக் கோப்புறையை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். பிறகு பிள்ளைகளில் ஒருவரை அருகில் உட்காரவைத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கை அவர் கையாலேயே ஒருமுறை இணைத்துத் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டு நிற்கிற இடம் எது என்பது அப்போது தெரிந்துவிடும்.