வெள்ளைக் குதிரைக்குக் கருப்புக் குட்டி பிறந்தால் அப்பன் வேறா?

ஆணும் வெள்ளை, பெட்டையும் வெள்ளை, குட்டி மட்டும் கன்னங்கரேல் என்று பிறந்திருக்கிறது; நடுவில் வேறு குதிரை புகுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை மட்டும் வைத்துச் சந்தேகப்பட இதில் ஒன்றுமே இல்லை. நான் கடலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சவாரி விடுகிறவர்கள், புதுச்சேரியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்குக் கொடுப்பவர்கள் என்று பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இதனால் உறவு கெட்டுப்போன குதிரைக்காரர்களும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பெட்டையின் மூக்கு நுனியையும் கண்ணோரத்தையும் பாருங்கள். வயிற்றுப் பக்கம் தண்ணீர் தெளித்து முடியை விலக்கிப் பாருங்கள். தோல் கருப்பாக இருந்தால் அது பிறவி வெள்ளை இல்லை. ஏதோ ஒரு நிறத்தில் பிறந்து, வயது ஏற ஏற நரைத்த குதிரை. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து சில மாதத்தில் மயிலையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரிதான், ஆனால் குதிரையில் இது வருடக்கணக்கில் நடக்கும். முதலில் இரும்பு நிறம், பிறகு உடம்பெல்லாம் வட்ட வட்டமாக வெளிர்ப்புள்ளி, ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் பெரும்பாலும் முழு வெள்ளை. ஐரோப்பாவில் பேர்போன லிப்பிசானர் குதிரைகளும் இப்படித்தான்: ஆடும்போது பால் வெள்ளை, பிறக்கும்போது கருப்பு அல்லது பழுப்பு.

இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவுக்குள் ஒரு சிறு துண்டு இரட்டித்துப்போயிருக்கிறது. பல இனங்களின் நரைக் குதிரைகளிலும் அதே மாற்றம்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று கணித்திருக்கிறார்கள். இது ஓங்கு பண்பு: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் இந்த மாற்றம் இருந்தாலே போதும், குதிரை நரைக்கும். அதனால் தலைமுறை தாண்டி ஒளிந்துவராது. தாய் தகப்பன் இருவருமே நரைக்காதவர்கள் என்றால் குட்டியும் நரைக்காது. 'தாத்தா வெள்ளை, அதனால பேரனும் வெளுக்கும்' என்று சொல்லி யாராவது குட்டியை விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இரண்டுமே நரைக் குதிரைகள். இரண்டுக்கும் ஒவ்வொரு பிரதிதான் என்றால், குட்டி நரைக்க நாலில் மூன்று வாய்ப்பு, கடைசிவரை கருப்பாகவே இருக்க நாலில் ஒன்று. ஏதாவது ஒன்றுக்கு இரண்டு பிரதி இருந்தால் குட்டி கட்டாயம் நரைக்கும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல நரைமுடி தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள். இன்னொன்று: நரைக்காத கருப்புக் குதிரைக் குட்டி பெரும்பாலும் எலிச் சாம்பல் நிறத்தில் பிறந்து, முதல் முடி உதிர்ந்த பிறகுதான் கருக்கும். பிறந்த அன்றே மைக்கருப்பாக இருந்தால் எனக்கு முதலில் தோன்றுவது நரை மரபணுதான்.

நரைக்கு அடியில் இருக்கும் அசல் நிறம் தனிக் கணக்கு. குதிரை முடியில் இரண்டே சாயம்: கருப்பு, சிவப்பு. எம்சி1ஆர் மரபணு கருப்புச் சாயத்தை அனுமதிக்கலாமா என்று முடிவு செய்கிறது. அதன் இரண்டு பிரதியும் வேலை செய்யாவிட்டால் குதிரை செவலை. செவலையும் செவலையும் சேர்ந்தால் கருப்பு பிறக்கவே பிறக்காது. கருப்பு அனுமதிக்கப்பட்டுவிட்டால் அது எங்கே வர வேண்டும் என்பதை அகூட்டி மரபணு பார்த்துக்கொள்கிறது. அது இருந்தால் கருப்பு பிடரி, வால், கால் என்று ஒதுங்கி உடம்பு பழுப்பாகிவிடும். இல்லாவிட்டால் உடம்பு முழுக்கக் கருப்பு. செவலைக் குதிரையிடம் அகூட்டி ஒளிந்திருக்கலாம், கருப்பே இல்லாததால் அது வெளியே தெரியாது. ஒரு செவலைப் பெட்டையைக் கருப்புக் குதிரையோடு சேர்த்தவருக்குக் கருங்கால் பழுப்புக் குட்டி பிறந்தது. ஆண் குதிரைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விட்டார். ஏமாற்றே இல்லை: கருப்பு தகப்பனிடமிருந்து வந்தது, அதை ஒதுக்கி வைக்கும் மரபணு தாயிடமிருந்து வந்தது.

நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் வெள்ளைப் பெட்டையின் வாலைத் தூக்கிப் பாருங்கள். வாலடியில், ஆசனவாயைச் சுற்றி, மிளகு அளவில் கெட்டியான கருங்கட்டி இருக்கிறதா? ஆணுக்குக் குறியின் உறையையும், இரண்டுக்கும் உதடு, காதுக்குக் கீழ் தாடையோரத்தையும் தடவிப் பாருங்கள். பதினைந்து வயது தாண்டிய நரைக் குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு மெலனோமா என்ற, நிறம் தரும் செல்களில் உண்டாகும் புற்றுக்கட்டி வருகிறது. முடியை நரைக்கவைக்கும் அதே மரபணு மாற்றம்தான் இதற்கும் காரணம். வெயிலில் நிற்பதால் வருகிறது என்று சொல்வார்கள். வெயிலே படாத வாலடியில்தான் இது அதிகம் வருகிறது. 2024இல் வெளிவந்த ஆய்வில், முன்பு சொன்ன எஸ்டிஎக்ஸ்17 துண்டு ஒரே பிரதிக்குள் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தால் குதிரை மெதுவாக நரைக்கும், மூன்று முறை இருந்தால் வேகமாக நரைக்கும், கட்டி ஆபத்தும் இந்த இரண்டாவது வகைக்கே அதிகம் என்று தெரியவந்தது. நரைக்கு அடியில் கருப்பாக இருக்கும் குதிரைக்கும் ஆபத்து கூடுதல்.

இந்தக் கட்டிகள் பல வருடம் சும்மா கிடக்கும். அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. திராட்சைக் கொத்து மாதிரி பெருகி, லத்தி போட முடியாமல் குதிரை முக்கும்போதுதான் கூப்பிடுகிறார்கள். அப்போது என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு, அது மனதைப் பிசைகிற காட்சி. சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிடலாம். தேய்த்துக் குளிப்பாட்டும்போதெல்லாம் வாலடியையும் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

தோல் ரோஜா நிறத்தில் இருந்து, பிறந்ததிலிருந்தே வெள்ளை என்றால் கதை வேறு; அங்கே கிட் மரபணு போன்றவை வேலை செய்கின்றன. அப்படிப்பட்ட குதிரையின் மூக்கு நம் ஊர் சித்திரை வெயிலில் வெந்துபோகும், பகலில் மணலில் நிறுத்தவே கூடாது. பஞ்சகல்யாணி என்று தேடி வாங்குகிறார்களே, நான்கு கால் வெள்ளையும் முக வெள்ளையும், அதில் மரபணுவோடு தற்செயலும் கலந்திருக்கிறது. நிறம் தரும் செல்கள் கருவில் முதுகிலிருந்து கால் நுனிவரை நகர்ந்து போக வேண்டும். போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடும். குளோனிங்கில் பிறந்த குதிரைக்குக்கூட இந்தக் குறிகள் மூலக் குதிரையைப் போல அச்சு அசலாக அமைவதில்லை.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ 20, 30 முடியைப் பிடுங்கி எடுக்க வேண்டும். வெட்டினால் பயனில்லை, டிஎன்ஏ வேரில்தான் இருக்கிறது. குட்டி, தாய், தகப்பன் மூன்றுக்கும் தனித்தனிக் காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். நரை மரபணு எத்தனை பிரதி, தகப்பன் அதுதானா, இரண்டையும் அந்த முடியிலிருந்தே பார்த்துவிடலாம்.