கிணற்றுத் தண்ணீரில் கோலிஃபார்ம்: குடிக்கலாமா, கூடாதா?

கேள்வி: எங்கள் வீட்டில் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் திறந்த கிணற்றுத் தண்ணீர்தான். போன மாதம் பெருமழை பெய்த பிறகு நான்கு வயது மகனுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்து சரியாகிவிட்டது. சந்தேகம் வந்து தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். 'மொத்த கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 17, ஈ.கோலி இல்லை' என்று அறிக்கை வந்திருக்கிறது. தொடவே கூடாது என்கிறார் ஒருவர். ஈ.கோலிதான் இல்லையே, தாராளமாகக் குடியுங்கள் என்கிறார் இன்னொருவர். அம்மாவோ, இத்தனை வருடமாக இதைத்தானே குடிக்கிறோம் என்கிறார். என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி மாட்டிவிட்டால் போதுமா?

பதில்: விளக்கமெல்லாம் அப்புறம். இன்றிலிருந்து அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்க வேண்டாம். ஓரத்தில் சின்னக் குமிழ் வந்தால் போதாது. பாத்திரம் முழுக்கத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர் என்றால் மூன்று நிமிடம் வேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொதித்த தண்ணீரை அதே பாத்திரத்தில் மூடி வைத்தே ஆற விடுங்கள். பல் தேய்க்க, பச்சையாகச் சாப்பிடும் காய் பழங்களைக் கழுவ, ஐஸ் கட்டி செய்ய எல்லாவற்றுக்கும் இதே தண்ணீர்தான். குளிக்க, துணி துவைக்கக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்கலாம், பையன் வாயில் வைத்துக் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்போது அறிக்கைக்கு வருவோம். கோலிஃபார்ம் என்பது ஒரு பாக்டீரியாக் கூட்டம், ஈ.கோலி அதில் ஒரு வகை. உங்களிடம் பேசிய இருவருமே அந்த 17 என்ற எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது கிருமிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை. பல ஆய்வகங்கள் இன்றும் செய்கிற முறை இது: லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலந்த ஊட்டத் திரவம் உள்ள 15 குழாய்களை வரிசையாக வைப்பார்கள். முதல் ஐந்தில் 10 மில்லி, அடுத்த ஐந்தில் 1 மில்லி, கடைசி ஐந்தில் 0.1 மில்லி என்று உங்கள் தண்ணீரை விடுவார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் குட்டிக் குழாய் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். கோலிஃபார்ம் இருந்தால் அது லாக்டோஸைத் தின்று வாயுவை வெளிவிடும். குட்டிக் குழாயில் காற்றுக்குமிழ் சேரும். 48 மணி நேரம் வரை பார்த்து, எத்தனை குழாயில் குமிழ் வந்தது என்று எண்ணுவார்கள். முதல் வரிசையில் நான்கு, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் எதுவுமில்லை என்றால் அட்டவணையில் அதற்கு நேரே 17 என்று இருக்கும். அதாவது, இருக்க அதிக வாய்ப்புள்ள எண்ணிக்கை 17. உண்மையான எண்ணிக்கை பத்துக்குக் கீழேயும் இருக்கலாம், நாற்பதை ஒட்டியும் இருக்கலாம். ஆகவே 17 அதிகமா, குறைவா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோலிஃபார்ம் இருக்கிறது, அவ்வளவுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் பல வகைகள் மண்ணிலும் இலை தழைகளிலும் சாதாரணமாக வாழ்பவை; பெரும்பாலும் நோய் தருவதும் இல்லை. அவை கிணற்றில் இருப்பதற்கு, மேல்மட்டத் தண்ணீர் எங்கோ ஒரு வழியாக உள்ளே இறங்குகிறது என்று பொருள். ஈ.கோலி அப்படியல்ல. 1885இல் தியோடர் எஷரிக் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்த இந்தப் பாக்டீரியாவின் வீடு மனிதர், விலங்குகளின் குடல்தான். தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்ததற்கான காலடித் தடம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் குடிநீரின் எந்த 100 மில்லியிலும் ஈ.கோலி தென்படவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, ஈ.கோலி இல்லை என்று வந்துவிட்டதே, நிம்மதியாக இருக்கலாமா என்றால், ஒரே ஒரு சோதனையை நம்பி இருக்க முடியாது. நான் சொன்ன 15 குழாய் முறையில் மொத்தம் சோதிக்கப்படுவது 55.5 மில்லி தண்ணீர், அதுவும் ஒரே ஒரு நாளில் எடுத்தது. மழை பெய்து கிணறு கலங்கிய அன்று எடுத்ததற்கும் பத்து நாள் வெயிலுக்குப் பிறகு எடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். அதோடு, மண் ஒரு வடிகட்டியாக வேலை செய்தாலும் எல்லாக் கிருமியையும் ஒரே மாதிரி நிறுத்துவதில்லை. ஈ.கோலி சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஈ வைரஸோ அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. பாக்டீரியா சிக்கிக்கொள்ளும் மண்ணில் வைரஸ் நழுவி வந்துவிடலாம். ஈ.கோலி செத்த பிறகும் சில வைரஸ்கள் நிலத்தடி நீரில் உயிர்ப்போடு இருக்கும்.

மழைக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு பயங்கரமாக முடியும் என்பதற்கு, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பலத்த மழையில், பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் ஊருக்குத் தண்ணீர் தந்த ஆழம் குறைந்த கிணற்றில் இறங்கின. குளோரின் ஒழுங்காகப் போடப்படவில்லை. சுமார் ஐயாயிரம் பேர் வசித்த ஊரில் ஏறத்தாழ 2,300 பேர் படுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். காரணம், ஓ157 என்ற கொடிய வகை ஈ.கோலியும், கேம்பிலோபேக்டர் என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவும். மழைக்கு முந்தின நாள்வரை அந்தத் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்கள்தான் அவர்களும். உங்கள் அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு: திரும்பத் திரும்பச் சந்தித்த சில கிருமிகளுக்குப் பெரியவர்களின் உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருக்கும். அது நான்கு வயதுப் பேரனுக்கு இருக்காது.

எனவே காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரில் விரிசல் இருக்கிறதா? சுற்றியுள்ள சிமென்ட் மேடையில் தண்ணீர் தேங்கி, வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே போகிறதா? உள்சுவரில் மேலிருந்து ஈரக்கோடு இறங்குகிறதா? வாளியும் கயிறும் தரையில் கிடக்கின்றனவா? மேலே மூடி உண்டா? செப்டிக் டேங்க், கழிப்பறைக் குழி, மாட்டுத் தொழுவம் எல்லாம் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? குறைந்தது 30 மீட்டர் இடைவெளி என்று பொதுவாகச் சொல்வார்கள். பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் அதற்கும் மேலே கிருமி பயணம் செய்யும். மழை பெய்த மறுநாளே தண்ணீர் கலங்குகிறது என்றால், வழி திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்: விரிசலைப் பூசி, மேடையை வெளிப்புறம் சரிவாக அமைத்து, மூடி போடுவது.

அதன் பிறகே குளோரின். எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்பது கிணற்றில் உள்ள தண்ணீரின் அளவைப் பொறுத்தது. உள்ளூர் சுகாதாரப் பணியாளரை அழைத்து அளந்து போடச் சொல்லுங்கள். திறந்து வைத்த பழைய பவுடர் வேண்டாம், வீரியம் பறந்துபோயிருக்கும். போட்ட பிறகு 12 முதல் 24 மணி நேரம் தண்ணீரைத் தொடாமல் விட்டு, பிறகு குளோரின் வாடை போகும்வரை இறைத்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் இதைச் செய்தால் அடுத்த மழையோடு பலன் போய்விடும். குளோரினுக்கு அசையாத கிருமியும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியே சுமார் நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கைத் தந்தது. அது குளோரின் சேர்த்து வடிகட்டிய தண்ணீர்தான். கொதி அதையும் கொன்றுவிடும்.

இயந்திரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை முதல் தீர்வாக நினைக்காதீர்கள். யூ.வி. எனப்படும் புற ஊதா விளக்கு கிருமியைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. ஆர்.ஓ. முக்கியமாக உப்பைக் குறைக்கும் கருவி. உங்கள் தண்ணீர் உப்பா என்று சோதிக்காமலே பலர் வாங்கிவிடுகிறார்கள். இயந்திரத்தின் கரி வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடுவதால், அதற்குப் பிறகு தண்ணீர் தங்கும் தொட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. தொட்டியின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது கிருமிகள் கூட்டமாகப் படிந்த ஏடு. குறித்த காலத்தில் வடிகட்டியை மாற்றி, தொட்டியைக் கழுவுகிறவர்களுக்கு மட்டுமே இயந்திரம் பயன்படும். நல்ல தண்ணீர் வீட்டுக்குள் கெடுவதும் சகஜம்: குடத்தில் கைவிட்டு மொள்ளாமல், குழாய் வைத்த மூடிய பாத்திரத்திலிருந்து பிடியுங்கள்.

குளோரின் வாடை முழுக்கப் போய் ஒரு வாரம் கழித்து மறுசோதனை செய்யுங்கள். அடுத்த பெருமழைக்குப் பிறகு இன்னொன்று. இந்தத் தடவை மாதிரியை எதில் பிடித்தீர்கள்? குளிர்பான பாட்டிலில் என்றால் அந்த 17 பாட்டிலிலிருந்தே வந்திருக்கலாம். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் துளி மருந்தைக் கழுவிவிடாதீர்கள், அது மிச்சக் குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. மூடியின் உட்புறத்தைத் தொடாமல், பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். கூடவே, உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் நைட்ரேட் என்ற உப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கவே கூடாது. கொதிக்க வைப்பதால் நைட்ரேட் குறையாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மூன்று மாதத்தில் உங்கள் வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பையனுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் முதல் தடவையிலிருந்தே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து. துத்தநாக மருந்து தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் மனைவியைப் பற்றித்தான். ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. உள்ளே போன கிருமி நோயாக வெளிப்பட இரண்டு முதல் பத்து வாரம் பிடிக்கும். போன மாத மழைக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. காய்ச்சலோடு சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், அடர் மஞ்சள் நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால், கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.