தண்ணீர் குடிக்க 124 தூண்கள் எதற்கு?

கேள்வி: பிரான்சில் வசிக்கும் என் மகள் விஷி என்ற ஊரின் பூங்காப் படங்களை அனுப்பியிருந்தாள். பூங்காவை ஒட்டி இரும்புத் தூண்கள் தாங்கும் நீண்ட கூரை செல்கிறது. செக் நாட்டின் கார்லோவி வாரியிலும் இப்படி உண்டு என்கிறாள். ஊற்றுநீருக்குப் பெயர்பெற்ற ஊர்களில் இவ்வளவு நீளமாக எதற்குக் கட்டினார்கள்?
(முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி)

பதில்: நடப்பதற்காகக் கட்டினார்கள். அந்த ஊர்களில் ஊற்றுநீர் மருந்தாகவே கொடுக்கப்பட்டது. எந்த ஊற்றிலிருந்து, எத்தனை குவளை, எவ்வளவு மெதுவாக என்பதை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். ஒரு குவளைக்கும் அடுத்த குவளைக்கும் இடையே நோயாளி நடக்க வேண்டும். மூன்று வாரம்வரை நீளும் சிகிச்சையில் மழை பெய்கிறது என்று ஒரு நாள் காலையை விட்டுவிட முடியாது. ஆகவே, நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகை வலம்வருபவருக்கு நிழல் தருவதுபோல, ஊற்றையும் நடையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் தூண் நிரைக் கூடங்கள் அங்கே எழுந்தன. அழகுக்காகக் கட்டிய முகப்பு என்று அவற்றை எண்ணுவது தவறு; நீரைப் போலவே கட்டடமும் சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தது.

இதற்குச் சிறந்த சான்று தங்கள் மகள் குறிப்பிட்ட கார்லோவி வாரியின் ஆலைக் கூடம். பிராகா நகரின் தேசிய நாடக அரங்கை வடிவமைத்த யோசெஃப் சீடெக் 1871 முதல் 1881 வரை இதைக் கட்டினார். 132 மீட்டர் நீளம், 124 கொரிந்தியத் தூண்கள், கூரைக்குள் ஐந்து ஊற்றுகள். அங்கே கையில் ஏந்தும் பீங்கான் குவளையின் கைப்பிடியே உறிஞ்சுகுழலாக அமைந்திருக்கும்; கனிமநீர் பற்களில் படாமல் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே நடக்கலாம். அந்தக் குவளையைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் அத்தனை தூண்களின் நீளமும் புரியும் என்பேன்.

விஷிக்கு வேறொரு வரலாறு. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1861-க்கும் 1866-க்கும் இடையே பலமுறை அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். அவருடைய ஆதரவில்தான் ஆற்றங்கரைப் பூங்காக்களும் மாளிகைகளும் உருவாயின. 1862-இல் ரயில் வந்தது. படத்தில் தாங்கள் பார்த்த இரும்புக் கூரை அதற்குப் பிந்தையது: 1889-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டுப் பின்னர் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

அதே மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்காலத்தில்தான், முத்திரையர்பாளையத்திலிருந்து புதுச்சேரி நகருக்கு நன்னீர் வந்ததன் நினைவாக, நம் பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் எழுந்தது. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயியின் பெயரைத் தாங்கி, கிரேக்க-ரோமானியப் பாணியில் நிற்கும் அந்த வெள்ளை மண்டபத்துக்கும் விஷிக்கும் காலமும் ஆட்சியும் ஒன்று, வேலைதான் வேறு. இங்கே மண்டபம் நீருக்கு நன்றி சொல்ல நிற்கிறது. அங்கே கூடம் நீரைக் குடிப்பவருக்காக நிற்கிறது.

கேள்வி: யுனெஸ்கோ 2021-இல் ஊற்றுநீருக்குப் பெயர்பெற்ற ஐரோப்பாவின் 11 ஊர்களைச் சேர்த்து ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது ஏன்? சிறந்த ஓர் ஊரைத் தேர்ந்தால் போதாதா?
(மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்)

பதில்: போதாது. ஏழு நாடுகளில் சிதறிக் கிடக்கும் அந்த 11 ஊர்களில் எந்த ஒன்றும் முழுக்கதையைச் சொல்லாது. இங்கிலாந்தின் பாத் நகரில் 46 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் ஊறுகிறது. ரோமானியர்கள் அங்கே அமைத்த பெருங்குளத்தின் அடியில் 45 ஈயத் தகடுகள் இன்றும் உள்ளன. அந்தச் சிறப்பாலும், 18-ஆம் நூற்றாண்டின் பிறைவடிவ வீட்டு வரிசையாலும் பாத் 1987-லேயே தனியாகப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால், கூடி நடக்கும் மாபெரும் மண்டபத்தைக் காண ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கனுக்குத்தான் போக வேண்டும்; மாக்ஸ் லிட்மன் வடிவமைத்து 1911-இல் முடிந்த அந்தக் கூடம் இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட்டின் தொடக்ககாலச் சாதனைகளில் ஒன்று. இன்று ஊரெங்கும் பலகைகளில் காணும் ‘ஸ்பா’ என்ற சொல்லைத் தந்த பெல்ஜிய ஊரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: மழையில் இடிந்த நம் மேரி கட்டடத்தை (பிரெஞ்சுக்கால நகராட்சிக் கட்டடம்)ப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டினார்கள். அந்த ஊர்களிலும் அப்படித்தான் செய்கிறார்களா?
(லாசுப்பேட்டை வாசகர், புதுச்சேரி)

பதில்: எப்போதும் அல்ல. கார்லோவி வாரியின் மிக வெப்பமான ஊற்று 73 பாகை சூட்டில், கரியமில வாயுவின் உந்துதலால் 12 மீட்டர் உயரம்வரை பீறிடுகிறது. அதற்கு 1879-இல் ஃபெல்னர், ஹெல்மர் என்னும் வியன்னாக் கட்டடக் கலைஞர்கள் வார்ப்பிரும்பில் ஓர் எழிலான கூடம் அமைத்தார்கள். 1939-இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. இப்போது அங்கே நிற்பது 1975-இல் முடிந்த கண்ணாடியும் கான்கிரீட்டுமான கட்டடம். அது பழைய வீதியோடு ஒட்டவில்லை என்று வருந்துவோர் உண்டு. எனக்கும் அந்த இரும்புக் கூடம் போனதில் வருத்தமே. கடற்கரைச் சாலையில் மேரியின் இடம் வெறிச்சோடிக் கிடந்த ஆண்டுகளைக் கண்ட நமக்கு அந்த வருத்தம் எளிதில் விளங்கும். ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள் ஊற்று இன்றும் பீறிடுகிறது. மக்கள் குவளையோடு வந்து, சூடான நீரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். பழைய தோற்றம் மட்டும் பிழைத்து ஊற்று மூடப்பட்டிருந்தால், அதைவிடப் பெரிய இழப்பாக நான் கருதியிருப்பேன்.