ஞாயிறு காலை பத்து மணி

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊரில் நான்கு வருடமாக ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கூடுவோம். பன்னிரண்டு பேர் வருவார்கள். வரும் மார்ச் மாதம் பெண் எழுத்தாளர்களைக் கொண்டாட நினைக்கிறோம். மூன்று பேரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, 'பெண் எழுத்து' என்ற தலைப்பில் பேசச் சொல்லலாம் என்று யோசனை. ஆனால் மூத்த நண்பர் ஒருவர், "பெண்கள் எழுதுவது குடும்பக் கதைதானே, அதற்கு ஒரு கூட்டமே எதற்கு?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வட்டத்தில் பெண்கள் இரண்டே பேர், அவர்களும் எப்போதாவதுதான் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகன், பட்டுக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனம் நல்ல மனம், அதனால் நேராகவே சொல்கிறேன். பொன்னாடையும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். அந்தக் காசில் ஒரே நாவலைப் பன்னிரண்டு பிரதி வாங்குங்கள். எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

சில வருடம் முன்பு ஒரு விழாவில் எங்கள் நான்கு பேரை ஒரே மேடையில் உட்கார வைத்தார்கள். எங்கள் எழுத்துக்குள் ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது, நாங்கள் பெண்கள் என்பதைத் தவிர. கேட்ட முதல் கேள்வி, "வீட்டையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்பது. கடைசிவரை எங்கள் கதைகளில் ஒன்றைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு மரியாதை குறைவில்லாமல்தான் நடந்தது, ஆனால் என் புத்தகத்தைப் படித்துவிட்டு "இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருந்தால் அன்று எனக்கு எவ்வளவோ சந்தோஷமாக இருந்திருக்கும்.

உங்கள் நண்பருக்கு வருகிறேன். அவர் கையில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிக'ளைக் கொடுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சியின் கதை அது. கூலி எப்படிக் கணக்காகிறது, உப்புநீர் கால்களை என்ன செய்கிறது, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியின் கண் எங்கே போகிறது, சங்கம் என்ற சொல் அளத்துக்குள் எப்படி நுழைகிறது, எல்லாம் இருக்கிறது. இதை எழுதிய ராஜம் கிருஷ்ணன் சின்ன வயதில் கல்யாணமாகி, கல்லூரி வாசலை மிதிக்காதவர், ஒவ்வொரு நாவலுக்கும் அந்தந்த மக்கள் நடுவில் போய் இருந்து, கேட்டு, பார்த்து எழுதினார். நீலகிரியின் படகர் இன மக்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்', கடலோர மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்'. தமிழில் களத்துக்குப் போய் நாவல் எழுதியவர்கள் என்று பட்டியல் போட்டால் முதல் வரியிலேயே வர வேண்டிய பெயர். ஆனால் பெரும்பாலும் 'பெண் எழுத்தாளர்கள்' பட்டியலில்தான் அவரைப் பார்க்கிறேன், எனக்கு இதுதான் தாங்கவில்லை. 'தொழிலாளர் நாவல்கள்' என்று ஒரு கூட்டம் போடும்போது அவரைப் பேசுங்கள், அது மார்ச்சாக இல்லாவிட்டாலும் சரி.

அவர் எழுத்துகள் 2009-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன, இணையத்தில் காசில்லாமலே படிக்கலாம். ஆகவே கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஈழப்போரின் கடைசி மாதங்களை வன்னிக்குள்ளிருந்து சொல்லும் தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', ஆடு மேய்த்து ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றிய சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி', இவையெல்லாம் எந்தக் கணக்கில் குடும்பக் கதை?

சரி, குடும்பக் கதை என்றே வைத்துக்கொள்வோம். தி. ஜானகிராமன் 'அம்மா வந்தாள்' எழுதினால் அது மனித மனத்தின் ஆழம். ஹெப்சிபா ஜேசுதாசன் 'புத்தம் வீடு' எழுதினால் மட்டும் அது ஏன் வீட்டு விஷயமாகச் சுருங்க வேண்டும்? 1964-இல் வந்த நாவல். வயதுக்கு வந்ததும் லிஸியின் படிப்பு நின்றுபோகிறது, வெளியே ஓடித் திரிந்த பெண் வீட்டுக்குள் அடைபடுகிறாள், அதற்கப்புறம் அவளுடைய உலகம் எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று அந்த அம்மா கன்னியாகுமரிப் பேச்சிலேயே காட்டுவார். வீடும் ஒரு களம்தான், உப்பளத்தைப் போலவே அங்கேயும் கங்காணி உண்டு.

சாகித்திய அகாதெமி 1955-லிருந்து விருது தருகிறது. 2021-இல் அம்பைக்குக் கிடைத்தபோது தமிழில் அவர் நான்காவது பெண். ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அப்புறம் அம்பை, அவ்வளவுதான். எழுதியவர்கள் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வை.மு. கோதைநாயகி ஒருவரே 115 நாவல் எழுதியவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடம் கிடையாது. கதை வந்த காலத்தில் சரளமாக எழுதக் கை பழகவில்லை, அவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு தோழி உட்கார்ந்து எழுதினார். அப்படித் தொடங்கியவர்தான் 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைப் பல வருடம் நடத்தினார். கோதைநாயகிக்கு அன்று யாரும் பொன்னாடை போர்த்தவில்லை, ஒரு தோழி தன் பகல் பொழுதைக் கொடுத்தாள். பெண் எழுத்தாளர்களைக் கொண்டாட வேண்டும் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்தத் தோழிதான் நினைவுக்கு வந்தாள்.

அதனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி, அந்த இரண்டு பெண்கள். தம்பி, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கறி வாங்கி வந்திருக்கும், மசாலா அரைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். நீங்கள் பன்னிரண்டு பேர் நாவல் பேசிவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிட வீடு திரும்புகிறீர்கள், அந்தச் சாப்பாட்டை யாரோ அந்த நேரத்தில் சமைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எழுத ஆசைப்படுகிறவளாகக்கூட இருக்கலாம்.

கூட்டத்தைச் சனிக்கிழமை மூன்று மணிக்கு மாற்ற முடியுமா, எது தோது என்று அந்த இரண்டு பேரிடமே கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று அழைப்பிலேயே போடுங்கள். 'கரிப்பு மணிகள்' படித்துவிட்டு உங்கள் மூத்த நண்பர் என்ன சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள், அவருக்குப் பிடிக்காமல் போனால் ஏன் என்று விரிவாக.

அன்புடன்,
அக்கா