படத்தில் பளபளப்பு, நேரில் பட்டி: தூரத்து வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்

கேள்வி: நான் வாங்கத் தேடும் பழைய கார் மாடல் என் பக்கத்தில் அபூர்வமாகத்தான் விற்பனைக்கு வருகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. படத்தில் புதிதுபோல இருந்த வண்டி நேரில் துருவும், நெளிவை மறைக்கப் பூசிய பட்டியுமாக நிற்கிறது. ‘சின்னக் கீறல் ஒன்று’ என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கவே நிறம் மாறியிருக்கும். போகாமலே இதையெல்லாம் கண்டுபிடிக்க வழி உண்டா? முன்பணம் அனுப்பினால் வண்டியைப் பிடித்து வைப்பதாகச் சிலர் சொல்கிறார்களே, அனுப்பலாமா?

பதில்: முன்பண விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அனுப்பாதீர்கள். வேறொருவருடைய வண்டிப் படங்களைப் போட்டு, சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, முன்பணம் வந்ததும் போனை அணைத்துவிடுவது பழைய மோசடி. ‘நான் காத்திருந்து, நீங்கள் வராமல் போனால்?’ என்று விற்பவர் கேட்பது நியாயம்தான். அதற்கு, கிளம்பும் காலையில் ஒரு போன், பாதி வழியில் ஒரு போன் போதும். அந்தப் போன் உங்களுக்கும் நல்லது. ‘இப்போதுதான் ஒருத்தர் எடுத்துட்டுப் போனார்’ என்பதை வாசலில் போய் நின்று கேட்க வேண்டாம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. ஒரு வண்டி நல்லது என்று போகாமல் உறுதி செய்ய முடியாது. ஆனால் போகவே தேவையில்லாத வண்டி எது என்பது பெரும்பாலும் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். பலரும் வண்டி நல்லதா என்பதைப் போனிலேயே உறுதி செய்யப் பார்க்கிறார்கள். ‘வண்டி எப்படி இருக்கு?’ என்று கேட்கிறார்கள், ‘சூப்பர் கண்டிஷன், வந்து பாருங்க, பிடிச்சா எடுங்க’ என்று பதில் வருகிறது, கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலில் தகவல் என்று எதுவும் இல்லை.

பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; இந்த இடைவெளி நீடித்தால் மட்டமான வண்டிகள் நல்ல வண்டிகளைச் சந்தையைவிட்டே விரட்டிவிடும் என்பது அவர் வாதம். 2001-இல் அவரோடும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ் இதற்கு மறுபக்கம் ஒன்றைக் காட்டினார். நல்லதை வைத்திருப்பவருக்கு எளிதாகவும் மட்டமானதை வைத்திருப்பவருக்குக் கடினமாகவும் இருக்கும் ஒரு செயல்தான் நம்பத்தக்க அடையாளம். ஸ்பென்ஸ் பேசியது வேலைச் சந்தையையும் கல்வியையும் பற்றி; ஆனால் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடையாது. விற்பவரிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள், ஒரு சின்ன வேலை கொடுங்கள். நல்ல வண்டிக்காரர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். மற்றவர் நழுவுவார், அல்லது கோபப்படுவார். அந்த நழுவலிலேயே பதில் கிடைத்துவிட்டது.

என்ன வேலை? ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் கேட்பது, இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதன்முறையாக ஸ்டார்ட் செய்யும் வீடியோ. வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். முதலில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி டேஷ்போர்டைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் விளக்கு, ஆயில் விளக்கு, ஏர்பேக் விளக்கு எல்லாம் அப்போது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். ஸ்டார்ட் ஆனபிறகும் எரிந்தால் கோளாறு. முதலிலேயே எரியவில்லை என்றால் இன்னும் சந்தேகம்; கோளாறை மறைக்க யாரோ விளக்கையே முடக்கியிருக்கலாம். பிறகு எஞ்சின் சத்தம். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடிகள் கடகடவென்று கேட்கும், சூடானதும் மறைந்துவிடும். கடைசியாக சைலன்சர் பக்கம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்துகொண்டே இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசியலாம்; குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து கலைந்துபோகும் நீராவிக்குப் பயப்பட வேண்டாம்.

எஞ்சினைச் சூடாக்கிவிட்டால் இவற்றில் பெரும்பகுதியை மறைத்துவிடலாம். அதனால்தான் நேரில் போகும் அன்றும், ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் கை முதலில் பானட்டைத் தொடட்டும். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். பக்கத்துக் கடைக்குப் போய்வந்தேன் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியும் சூடாக இருந்தால் என் நம்பிக்கை பாதியாகிவிடும்.

விளம்பரப் படங்களையும் கொஞ்சம் வேறு கண்ணோடு பாருங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது முக்கியம். பத்துப் பதினைந்து படம் போட்டவர் ஒரு மூலையை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால், அந்த மூலையில்தான் விஷயம். ஈரமான வண்டியின் படத்தில் மங்கிய பெயின்ட்கூட மின்னும், நெளிவு தெரியாது. கதவுக்கும் பெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நிறம் நிழலுக்கும் வெயிலுக்கும் மாறுவது சகஜம். ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில், கதவு ஒரு நிறமும் பம்பர் இன்னொரு நிறமுமாக இருந்தால்? பிளாஸ்டிக் பம்பர் காலப்போக்கில் சற்று மாறித் தெரிவது உண்டு. இரண்டு கதவுகளுக்குள் வேறுபாடு இருந்தால் அது பெரும்பாலும் டிங்கரிங்தான், அதாவது அடிபட்டதைச் சரிசெய்து மறுபடி பெயின்ட் அடித்த வேலை.

கூடுதலாக மூன்று படங்கள் கேளுங்கள். ஒன்று, டயர்களின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைச் சொல்லும் நான்கு இலக்கங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டி மிகக் குறைவாக ஓடியது என்று சொல்லும் மீட்டரும், ஏற்கெனவே மாற்றப்பட்ட நான்கு டயர்களும் சேர்ந்து வந்தால் கணக்கு உதைக்கும். கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு ஆண்டானால் அது எப்போது, ஏன் உடைந்தது என்று கேட்கலாம். இரண்டு, வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண். பெரும்பாலான வண்டிகளில் அது 17 எழுத்து-இலக்கங்கள்; ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வராது, 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பும் என்பதால். அந்த எண்ணை வைத்து, விபத்து, திருட்டு, கடன் பாக்கி பற்றி உங்கள் நாட்டில் எந்தப் பதிவேட்டில் பார்க்க முடிகிறதோ அதில் பாருங்கள். மூன்று, கதவுக்குக் கீழே உள்ள ஓரச் சட்டமும் வண்டியின் அடிப்பகுதியும். துரு அங்கேதான் தொடங்கும். யாரும் விளம்பரத்தில் போடாத படம் இது.

போனில் பேசும்போது ஒரு சின்னத் தந்திரம். எடுத்ததும் ‘விற்பனைக்கு இருக்கிற வண்டி விஷயமா பேசுறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள், மாடல் பெயரைச் சொல்லாதீர்கள். ‘எந்த வண்டி?’ என்று கேட்டால் பேசுவது பெரும்பாலும் ஓனர் அல்ல, வியாபாரி. வியாபாரியிடம் வாங்குவதில் தவறில்லை. வியாபாரி ஓனர்போல நடிப்பதில்தான் தவறு.

கேள்விகளை ஆமாம்-இல்லை என்று முடியாதபடி கேளுங்கள். ‘டைமிங் பெல்ட் மாற்றியாச்சா?’ என்று கேட்டால் ‘மாற்றியாச்சு’ என்பது வாயில் தானாக வரும். ‘எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள், பில்லை அனுப்ப முடியுமா?’ என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். பில் இல்லாத பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் செயினின் வேலையைச் செய்யும் பெல்ட் இது; பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ‘எந்தெந்தப் பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறது?’ என்று, அடித்திருப்பதாகவே வைத்துக்கொண்டு கேளுங்கள். பேச்சின் முடிவில் இதைக் கேட்க மறக்காதீர்கள்: ‘இவ்வளவு தூரம் வந்து பார்த்ததும் நான் எதைப் பார்த்து முகம் சுளிப்பேன்?’ பெரும்பாலான விற்பவர்கள் மோசடிக்காரர்கள் அல்ல. தினமும் அதே வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து கிளட்சின் கனமும் சஸ்பென்ஷனின் சத்தமும் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். இப்படிக் கேட்கும்போதுதான் அவர்களுக்கே ஞாபகம் வரும்: ‘ஆங், பின்னாடி சீட்டுல ஒரு கிழிசல் இருக்கு...’

பேசி முடித்ததும் அவர் சொன்னதையெல்லாம் ஒரு செய்தியாக எழுதி அனுப்புங்கள். ‘விபத்து இல்லை, ஒரு பேனலில் மட்டும் பெயின்ட், ஏசி வேலை செய்கிறது என்று சொன்னீர்கள், இதை நம்பித்தான் கிளம்புகிறேன், சரிதானே?’ வாயால் சுலபமாகச் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்தப் பலருக்குத் தயக்கம் வரும். இந்தக் கட்டத்தில் திருத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஒரு நாள் மிச்சம்.

தூரம் அதிகமென்றால், வண்டி இருக்கும் ஊரிலேயே ஒரு மெக்கானிக்கையோ பரிசோதனைச் சேவையையோ நீங்களே தேடி, நீங்களே கூலி கொடுத்து, முதலில் பார்க்கச் சொல்லலாம். விற்பவர் ‘எனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கார்’ என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நீங்கள் அமர்த்தும் மெக்கானிக் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 100-லிருந்து 180 மைக்ரானுக்குள் இருக்கும். பட்டி வைத்த இடத்தில் அது பல மடங்கு எகிறும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகினால் இன்னொன்றும் தெரியும்: அதில் பதிவான கோளாறுக் குறியீடுகளை யாராவது சமீபத்தில் அழித்திருந்தால், வண்டியின் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று காட்டும். விளக்கை அணைப்பதற்காகவே முந்தைய நாள் அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. மின்சார வண்டியானால் பேட்டரியில் எத்தனை சதவீதத் திறன் மிச்சம் என்ற அளவீட்டை முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இத்தனைக்குப் பிறகும் சில பயணங்கள் வீணாகத்தான் செய்யும். எனக்கு அதைவிடக் கவலை தருவது வீணாகாத பயணங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று கண்ணெதிரே தெரியும் குறையையும் விழுங்கிக்கொண்டு வாங்கிவிடுகிறார்களே, அது. ஒரு நாள் போனால் போகட்டும். தப்பான வண்டி வருடக்கணக்கில் கூட இருக்கும். இந்த மனநிலையைப் பயணத்தைத் திட்டமிடும்போதே தடுக்க வேண்டும். திரும்ப அந்த வண்டியிலேயே ஓட்டி வரலாம் என்று ஒருவழி டிக்கெட் எடுத்துப் போகாதீர்கள். திரும்பும் வழி உறுதியாக இல்லாதவர் வேண்டாம் என்று சொல்வது மிகக் கஷ்டம். அதே திசையில் இரண்டு மூன்று வண்டிகளைச் சேர்த்து ஒரே நாளில் பாருங்கள். அடுத்தது ஒன்று காத்திருக்கிறது என்ற நினைப்பே முதல் வண்டியிலிருந்து கண்ணை விடுவிக்கும். பகலில் போங்கள், மழையில் வேண்டாம்.

வாங்கவே மாட்டேன் என்பதற்கான நான்கைந்து காரணங்களைக் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். சேஸிஸ் எண் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை, அடிப்பகுதிச் சட்டத்தில் துரு அரித்திருக்கிறது, விபத்தின் தடயம், வெள்ளம் புகுந்த தடயம் என்பதுபோல. போனதும் இவற்றை மட்டும் முதலில் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேறு படிந்த கோடு தெரிகிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா? பத்து நிமிட வேலை. பட்டியலில் உள்ள ஒரு குறை தென்பட்டாலும் ஓட்டிப் பார்க்காமலே கிளம்புங்கள். ஓட்டினால் ஆசை வந்துவிடும்.

அப்போது விற்பவர் விலையைக் குறைப்பார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முன்பே சொன்ன குறைக்காக விலை பேசுவது சரி. ஏசி வேலை செய்யவில்லை என்று அவரே சொல்லியிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக் கேளுங்கள். மறைத்து வைத்து நீங்களாகக் கண்டுபிடித்த குறைக்கு எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அது மலிவல்ல. நீங்கள் கண்டுபிடித்தது ஒன்றை மட்டும்தான். அவர் மறைத்தது எத்தனை என்பது அந்த விலையில் அடங்கவில்லை.